குறுக்கு வலியும் யோகாசனமும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பார்வை

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டதும் லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல்லுக்கான வேலை சூடுபிடிக்கும். நாற்று முடிகளைப் பிரித்துக்கொண்டு சேற்றில் இறங்கும் பெண்கள் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை குனிந்த தலை நிமிராமல் நட்டுக்கொண்டே போவார்கள். கூடலூர், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் நிலைமை தலைகீழ். அங்கே பந்தலுக்குக் கீழே நின்று, கழுத்தைப் பின்னால் சாய்த்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி கவாத்து செய்ய வேண்டும், குலை வெட்ட வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருடம் முழுக்க அறுவடை நடப்பது அந்தத் திராட்சையின் பெருமை. வருடம் முழுக்க அண்ணாந்து நிற்பது தோட்டத்து ஆட்களின் பாடு.

மேற்கே மலையேறினால் ஏலக்காய். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும், ஆனால் காய் பிடிப்பது அடியில். தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையோடு தரையாகக் கிடக்கும். முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டியிருப்பதால் குந்தியோ குனிந்தோதான் வேலை. போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குப் போய்ச் சாயங்காலம் இறங்கி வரும் பெண்கள் ஏராளம். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். நெருக்கியடித்து உட்கார்ந்த ஜீப்பில் அந்த வளைவுகளில் குலுங்கிப் போய், நாளெல்லாம் குனிந்து, மறுபடி குலுங்கி வீடு வந்து, அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் குறுக்கு என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

வலிக்கு இங்கே வழக்கமான வைத்தியங்கள் உண்டு. தைலம் தேய்த்துச் சூடான தண்ணீர் ஊற்றுவது, சுளுக்கு வழிப்பவரிடம் போவது, மெடிக்கல் கடையில் ‘செட் மாத்திரை’ கேட்டு வாங்குவது, இடுப்புக்கு பெல்ட் போடுவது, காசு சேர்ந்தால் தேனிக்கோ மதுரைக்கோ போய் ஸ்கேன் எடுப்பது. கொஞ்ச காலமாக இந்த வரிசையில் யோகாவும் சேர்ந்திருக்கிறது. ‘யோகா பண்ணுங்க, சரியாயிரும்’ என்று டாக்டரும் சொல்கிறார், மருமகளும் சொல்கிறாள், செல்போனில் வரும் வீடியோவும் சொல்கிறது. இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஊதல் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. யோகா முதுகு வலிக்கு உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அந்த உதவி பேசப்படும் அளவுக்குப் பெரிதல்ல. இந்தப் பள்ளத்தாக்கில் அது அதிகம் தேவைப்படுகிறவர்களுக்கு அதைச் செய்ய நேரமும் இடமும் கிடைப்பதில்லை. முதல் இரண்டும் உலகத்தில் எல்லா இடத்துக்கும் பொருந்தும். மூன்றாவது நம்முடைய பிரச்சினை.

வலி எங்கிருந்து வருகிறது?

2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. 13 பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். மனிதர்களைச் செயலிழக்கச் செய்யும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் இதற்குத்தான். இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ‘இந்த எலும்பில், இந்த நரம்பில் இந்தக் கோளாறு’ என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. வலி நிஜம், ஆனால் காரணம் ஓரிடத்தில் இல்லை. தசை அசந்து போவது, மூட்டு இறுகுவது, தூக்கம் கெடுவது, கவலை, வலி வந்துவிடுமோ என்ற பயத்தில் அசையாமலே இருப்பது எல்லாம் கலந்து வருவது அது.

இங்கேதான் ஸ்கேன் நம்மை ஏமாற்றுகிறது. எந்த வலியும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் இருந்தது. 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கு இருந்தது. ‘டிஸ்க் தேய்ஞ்சிருச்சு’ என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது பல சமயம் தலை நரைத்திருக்கிறது என்று எழுதுவதற்குச் சமம். அதைப் படித்துவிட்டு ஒருவர் ஆறு மாதம் குனியாமல், தூக்காமல், நடக்காமல் கிடந்தால் அந்த ஓய்வே அவருக்கு நோயாகிவிடும். இரண்டு நாள் படுக்கை ஓய்வையும் ஏழு நாள் ஓய்வையும் அமெரிக்காவில் 1986இலேயே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. வேலைக்குப் போகாத நாட்கள்தான் கூடின. அசைவுதான் மருந்து என்ற இன்றைய மருத்துவக் கொள்கை அந்தக் காலத்தில்தான் வேர் பிடித்தது. யோகா இந்தக் கதைக்குள் நுழைவதும் அந்த வாசல் வழியாகத்தான்.

முதுகு வலிக்கு யோகா என்பது எவ்வளவு பழையது?

பலரும் நினைப்பதுபோல் அது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம் அல்ல. சுருளி மலைக் குகைகளில் சித்தர்கள் தவம் இருந்தார்கள் என்று நம் பக்கத்தில் நம்புகிறோம். திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்பு யோகத்தைப் பேசுகிறது. அதில் வரும் பத்மம், பத்திரம், கோமுகம் போன்ற ஆசனங்கள் பெரும்பாலும் அமர்ந்து செய்பவை. நோக்கம் மூச்சையும் மனத்தையும் கட்டுவது. இடுப்பு வலிக்காரரைச் சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார வைத்தால் வலி கூடத்தான் செய்யும். ஆசனங்களை வரிசையாகக் கோத்து, உடல் நோய்க்கு மருந்தாகக் கற்றுக்கொடுக்கும் முறை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் உருவானது. 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கிய சுவாமி குவலயானந்தர், மைசூர் அரண்மனையில் பயிற்றுவித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் போன்றவர்கள் அதன் முன்னோடிகள்.

கிருஷ்ணமாச்சாரியார் பிறகு சென்னைக்கு வந்துவிட்டார். 1989இல் நூறு வயதைத் தாண்டி இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஆளுக்குத் தகுந்தபடி ஆசனத்தை மாற்றுவது, ஆசனத்தில் நீண்ட நேரம் நிலைத்து நிற்பதைவிட மூச்சோடு சேர்த்து அதற்குள் போய் வருவது என்ற அவர்களின் முறையைத்தான் மேல்நாட்டில் ‘வினியோகா’ என்கிறார்கள். முதுகு வலி ஆய்வுகளில் இந்த முறைக்கு முக்கியமான இடம் இருப்பதைக் கீழே பார்க்கலாம். சென்னையில் ஒரு வீட்டுக் கூடத்தில் வளர்ந்த வித்தை அமெரிக்க மருத்துவ இதழ் வழியாக நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது.

நம் ஊர்ப் பக்கம் யோகா என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மனவளக்கலை மன்றம். அதைத் தந்த வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்து உழைத்த உடம்பின் வலி அவருக்கு அந்நியமாக இருந்திருக்காது. அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சியில் கை, கால், மூச்சு, கண் பயிற்சிகளோடு, முதுகெலும்பை முறுக்கித் தளர்த்தும் மகராசனத்துக்கு இரண்டு பகுதி ஒதுக்கியிருக்கிறார். ஆண்டிபட்டி வட்டத்தில் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் போன்ற நெசவு ஊர்கள் இருக்கும் மாவட்டத்துக்கு இது பொருத்தமான பயிற்சி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முதுகு வலிக்கான பெரிய மருத்துவச் சோதனைகள் இந்த முறையை வைத்து நடக்கவில்லை. அவை நடந்தது வேறு முறைகளை வைத்து.

சோதனைகள் சொல்வது

2005இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கேரன் ஷெர்மனும் சகாக்களும் 101 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வினியோகா, ஒரு பிரிவுக்கு வழக்கமான உடற்பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு முதுகைப் பார்த்துக்கொள்வது பற்றிய ஒரு புத்தகம். 12 வாரத்தில் யோகா செய்தவர்களின் அன்றாட நடமாட்டம் மற்ற இரு பிரிவினரைவிட மேம்பட்டிருந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. அதே குழு 2011இல் 228 பேரை வைத்து இன்னும் பெரிதாகச் செய்தது. இந்த முறை யோகாவுக்கு எதிரே நிறுத்தியது, தசைகளை நன்றாக இழுத்து நீட்டும் பயிற்சி. முடிவில் இரண்டு பிரிவினருக்கும் ஏறத்தாழ ஒரே பலன். புத்தகம் வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் பின்தங்கினார்கள். யோகாவின் பக்தர்கள் முதல் ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டாவதுதான் பெரியது, அதுதான் நமக்கு அதிகம் சொல்லித் தருகிறது: ஆசனத்துக்குள் மந்திரம் எதுவும் இல்லை, ஒழுங்காக, வாரக்கணக்கில், மூச்சு விட்டு அசைவதில்தான் பலன் இருக்கிறது.

அதே 2011இல் பிரிட்டனில் யார்க் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில் 313 பேர். மூன்று மாதத்தில் 12 வகுப்பு. ஓராண்டு வரை பின்தொடர்ந்து பார்த்ததில், யோகா செய்தவர்களால் உட்கார, எழ, நடக்க, வீட்டு வேலை பார்க்க மற்றவர்களைவிட நன்றாக முடிந்தது. வலியின் அளவில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை! ஆனால் வலி இருந்தாலும் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை அவர்களிடம் கூடியிருந்தது. வேலைக்கு லீவு போட்ட நாட்களும் குறைந்திருந்தன. தினக்கூலிக்குப் போகிற ஒருவருக்கு இந்தக் கடைசி விஷயத்தின் அருமை தெரியும்.

பெங்களூருக்குப் பக்கத்தில் பிரசாந்தி குடீரத்தில் இருக்கும் எஸ்-வியாசா பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2008இல் வெளிவந்தது. 80 நோயாளிகள், ஒரு வாரம் அங்கேயே தங்கி ஆசனம், பிராணாயாமம், தியானம், ஆலோசனை என்று நாள் முழுக்கப் பயிற்சி. எதிர்ப் பிரிவுக்குச் சாதாரண உடற்பயிற்சி. யோகா பிரிவில் இயலாமை கூடுதலாகக் குறைந்தது, முதுகு வளைந்துகொடுக்கும் தன்மையும் கூடியது. ஏழே நாளில் கிடைத்த நல்ல முடிவுதான். ஆனால் ஒரு வாரம் கூலியை விட்டு, சமைத்த சாப்பாடு முன்னால் வர, அமைதியான வளாகத்தில் தங்கினால் நம்மில் யாருக்குத்தான் இடுப்பு லேசாகாது? எதிர்ப் பிரிவும் அங்கேயே தங்கியிருந்தது என்பதால் ஆய்வில் குறை சொல்ல முடியாது. அந்தப் பலன் வருசநாட்டுக்கும் கோம்பைக்கும் அப்படியே வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

நம் நிலைமைக்கு நெருக்கமாக எனக்குப் படுவது பாஸ்டன் ஆய்வு. ராபர்ட் சேப்பரின் குழு 2017இல் வெளியிட்டது. கலந்துகொண்ட 320 பேரில் பெரும்பாலோர் குறைந்த வருமானக்காரர்கள், கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மையினர். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு யோகா வகுப்பு, இன்னொரு பிரிவுக்கு பிசியோதெரபிஸ்டிடம் சிகிச்சை, மூன்றாவது பிரிவுக்குப் புத்தகமும் செய்தி மடல்களும். 12 வாரத்தில் யோகா, பிசியோதெரபிக்குக் குறைந்தது அல்ல என்று தெரிந்தது. இரண்டு பிரிவிலும் வலி மாத்திரை போடுகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு சிலரைத் தொடர்ந்து வகுப்புக்கு வரச் சொன்னார்கள், சிலரை வீட்டிலேயே செய்யச் சொன்னார்கள். ஓராண்டு கழித்து இருவருக்கும் பலன் ஒன்றாகவே நின்றது. கட்டணமும் நேரமும் இல்லாதவர்களுக்கு நல்ல செய்தி இது. முதல் மூன்று மாதம் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் போதும், பிறகு வீட்டுப் பாயே போதும்.

இப்படி உலகெங்கும் நடந்த 21 ஆய்வுகளை, அதாவது 2,223 பேரின் முடிவுகளை, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்புக் குழு 2022இல் ஒன்றாக அலசியது. தீர்ப்பு நிதானமானது. எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் யோகா செய்தவர்களுக்கு நடமாட்டத்தில் சிறு முன்னேற்றம் உண்டு. வலியை 100 புள்ளிகளில் அளந்தால் மூன்று மாதத்தில் 5 புள்ளிக்கும் குறைவான வித்தியாசம். நோயாளி ‘ஆமாம், குறைந்திருக்கிறது’ என்று உணர 15 புள்ளியாவது வேண்டும் என்பது அவர்கள் வைத்த வரம்பு. முதுகுக்கான மற்ற உடற்பயிற்சிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை அல்லது மிகக் குறைவு. இது எல்லோரையும் கூட்டி வகுத்த சராசரி; அதற்குள் நன்றாகத் தேறியவர்களும் கொஞ்சமும் அசையாதவர்களும் இருப்பார்கள். யோகா செய்தவர்களில் சிலருக்கு வலி கூடியதும் பதிவாகியிருக்கிறது.

இவ்வளவு சிறிய பலன் என்றால் எதற்கு மெனக்கெட வேண்டும்? மற்றவற்றின் லட்சணத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017 வழிகாட்டுதலில் நாள்பட்ட முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயல வேண்டியவற்றின் பட்டியலில் யோகாவைச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியைப் பரிந்துரைத்துவிட்டு, நம் ஊரில் வழக்கமாகக் கொடுக்கும் இடுப்பு பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வேண்டாம் என்றது. செட் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் குடலில் புண், சிறுநீரகத்துக்குக் கேடு. இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காசு செலவில்லாத, பக்கவிளைவு குறைந்த, சுமாரான பலனுள்ள ஒன்று மரியாதைக்குரிய மருந்துதான்.

நாள் முழுக்கக் குனிகிறவருக்கு எதற்கு யோகா?

தோட்ட வேலைக்குப் போகிற ஒரு அக்காவிடம் யோகா பற்றிப் பேசினால் வருகிற முதல் பதில் அநேகமாக இதுதான்: ‘நாள் பூரா குனிஞ்சு நிமிர்றேன், இதுக்கு மேல என்னத்த யோகா?’ நியாயமான கேள்வி. ஓய்வு நேரத்தில் செய்யும் உடலசைவு உடம்புக்கு நல்லது, கூலிக்குச் செய்யும் கடும் உடலுழைப்பு பல சமயம் கெடுதல் என்ற முரணை டென்மார்க் ஆய்வாளர்கள் சில ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். வேலையில் ஒரே தசை ஒரே திசையில் மணிக்கணக்கில் இழுபடுகிறது. எப்போது நிறுத்துவது என்பது நம் கையில் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுமை தூக்குகிறோம். இரவில் உடம்பு ஆறுவதற்குள் அடுத்த நாள் ஜீப் வந்துவிடுகிறது. யோகாவின் நல்ல பகுதி இதற்கு நேர் எதிரானது. மெதுவாக, எதிர்த் திசையில், மூச்சு விட்டபடி, வலித்தால் நிறுத்திக்கொள்ளும் உரிமையோடு செய்வது அது.

எனவே எல்லோருக்கும் ஒரே ஆசனப் பட்டியல் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏலக்காய் பறித்து வந்தவர், நடவு முடித்து வந்தவர் ஆகியோரின் முதுகு நாளெல்லாம் முன்னால் வளைந்தே இருந்தது. அவர்களைப் பச்சிமோத்தானாசனத்தில் உட்கார வைத்துக் கால் விரலைத் தொடச் சொல்வது, ஏற்கெனவே இழுபட்டதை மறுபடி இழுப்பது. ராத்திரி சாப்பாட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு பாய் விரித்து மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியைக் கட்டில் மேல் வைத்துக்கொண்டால் இடுப்பு தானாகத் தரையோடு பொருந்தும். கையை வயிற்றின் மேல் வைத்து, உள்ளே இழுக்கும் மூச்சைவிட வெளியே விடும் மூச்சை நீளமாக்கி ஐந்து நிமிடம் கிடந்தாலே முதுகுத் தசை இளகுவது தெரியும். பிறகு பாதங்களைத் தரையில் ஊன்றி, மூச்சை இழுத்துக்கொண்டே இடுப்பைத் தூக்கி, விட்டுக்கொண்டே இறக்குவது. இது சேதுபந்தாசனத்தின் எளிய வடிவம், ஆறேழு முறை போதும். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் லேசாக உயர்த்தினால் அது பாதிப் புஜங்காசனம். படத்தில் இருப்பதுபோல் நாகப்பாம்பாக நிமிர வேண்டியதில்லை. தொப்புள் தரையில் இருக்கட்டும்.

பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்றவருக்கு அதே புஜங்காசனம் வேலையின் தொடர்ச்சியாகிவிடும். அவருக்கு முழங்காலை நெஞ்சோடு அணைக்கும் பவனமுக்தாசனமும், மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைக்கும் சசாங்காசனமும், தாடையை உள்ளே இழுத்துப் பின்கழுத்தை நீட்டுவதும் இதம். தறியிலும் ஸ்டியரிங் முன்னாலும் உட்கார்ந்தே இருப்பவருக்கு எழுந்து நின்று கை தூக்கி நிமிரும் தாடாசனமும், நாலு காலில் நின்று முதுகைப் பூனைபோல் வளைத்து இறக்கும் மார்ஜாரியும். ஆய்வுகள் தொழிலுக்குத் தொழில் இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. இது பயிற்சியாளர்களின் கைப்பக்குவம், பொது அறிவு. ஆனால் ஆளுக்குத் தகுந்தபடி மாற்று என்பதுதானே சென்னை மரபின் அடிப்படையும்.

மன நலம் பற்றிச் சுருக்கமாக. வாழ்க்கைத் தரத்திலும் மனநிலையிலும் யோகாவால் சிறு முன்னேற்றம் வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. முதுகு வலிக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவு இருவழிப் பாதை: வலித்தால் தூக்கம் வராது, தூங்காவிட்டால் வலி கூடும். மெல்லிய மூச்சுப் பயிற்சி இந்த வட்டத்தை ஓரிடத்தில் அறுக்கலாம். அதோடு, வீட்டில் எல்லோருக்கும் ஓடுகிற ஒரு பெண் பத்து நிமிடம் யாருக்கும் எதுவும் செய்யாமல் படுத்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. இதை எந்த ஆய்வும் அளக்கவில்லை, ஆனால் அற்பமாக நினைக்கவில்லை நான்.

எப்போது செய்யக் கூடாது?

சில வலிகளுக்குப் பாய் விரிக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது அடக்க முடியாமல் போவது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலமிழந்து பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது அவசர நிலை. அன்றைக்கே போக வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், படுத்தாலும் குறையாத ராத்திரி வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. மரத்திலிருந்தோ ஜீப்பிலிருந்தோ விழுந்த பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வரும் வலி ஆகியவையும் அப்படியே. விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு அலையலையாக இறங்கும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம்.

இன்னொன்று வயதான அம்மாக்களுக்கு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு பொரபொரத்துப் போனவர்கள் முன்னால் ஆழமாகக் குனியும் ஆசனம் செய்தால் முதுகெலும்பு நசுங்கிவிடும் ஆபத்து உண்டு. முன்னால் குனியும் உடற்பயிற்சிகள் பற்றி மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1984இலேயே எச்சரித்தார்கள். மேடையில் நூறு பேருக்கு ஒரே நேரத்தில் ஹலாசனம் போட்டுக்காட்டும் நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு ஜூன் 21ஆம் தேதியும் நடக்கும் யோகா தினக் கூட்டங்கள் ஆர்வத்தை வளர்க்கின்றன, சரி. சிகிச்சை அங்கே நடப்பதில்லை.

நேரமும் இடமும்

நம் ஊர்களில் யோகா வகுப்பு பெரும்பாலும் அதிகாலையில் நடக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர், கடை முதலாளி, வங்கி ஊழியர் வந்து செய்கிறார்கள். அவர்களுக்கும் முதுகு உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஏலத்தோட்டப் பெண்கள் மலைச்சாலையில் இருக்கிறார்கள், நடவுக்காரர்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகள் வந்திருக்கின்றன. சென்னை அரும்பாக்கத்தில் அதற்கென்றே அரசுக் கல்லூரி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். கட்டமைப்பு இல்லாமல் இல்லை. வலிக்கிற ஆளும் சொல்லித்தருகிற ஆளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பதில்லை.

யோகாவால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றும் ஜீப்பை அது சரிசெய்யாது. பதினாறு லிட்டர் மருந்து டேங்கை முதுகில் சுமப்பதை அது நிறுத்தாது. ஏலத்தோட்டத்தில் உட்கார்ந்து பறிக்க ஒரு சின்ன முக்காலி, நடவுக்கு இயந்திரம், சுமை தூக்க ஒருவருக்கு இருவர், இடையில் நிமிர்ந்து நிற்க ஐந்து நிமிடம் ஆகியவை முதலாளியும் அரசும் செய்ய வேண்டியவை. ‘யோகா பண்ணு’ என்று தொழிலாளியிடம் சொல்லிவிட்டு இவற்றைத் தட்டிக்கழிப்பது முறையல்ல.

கைக்கெட்டிய காரியங்களும் இருக்கின்றன. மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் இடத்தில், கூட்டத்துக்கு முன்னால் பதினைந்து நிமிடம் பாய் விரிக்கலாம். தோட்டத்தில் காய் எடுக்கத் தொடங்கும் முன்பும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் கங்காணியே எல்லோரையும் ஐந்து நிமிடம் நிமிர வைக்கலாம். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. கம்பம், போடி, சின்னமனூர், தேனி மனவளக்கலை மன்றங்களில் சொல்லித்தரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒரு வகுப்பையாவது இரவு எட்டு மணிக்கு வையுங்கள், அதையும் மன்றத்தில் வைக்காமல் ஜீப் வந்து நிற்கிற தெருவிலேயே ஒரு சமுதாயக் கூடத்தில் வையுங்கள். மூன்று மாதம் விடாமல் நடத்திப் பாருங்கள்.